பட்டாளத்து லாரியும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும்

2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் அடித்தபோது நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே, பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தோம். மழை குறைந்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருந்தது. கராஜில் முழங்கால் அளவு வந்துவிட்ட நேரத்தில் தெருமுனையில் ஒரு ராணுவ லாரி, ஆள் உயரச் சக்கரங்களோடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மிலிட்டரி வந்துட்டாங்கடா, இனி பயமில்லை" என்றாள். அவளுக்கு மிலிட்டரி என்றால் லீவுக்கு டிரங்குப் பெட்டியும் கேண்டீன் ரம்மும் கொண்டுவரும் பெரியப்பா. அவ்வளவுதான்.

அந்த லாரியில் எங்கள் தெருவிலிருந்து முதலில் ஏறியவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இரண்டு வருடம் முன்னால், 2015ல், இதே மனிதர் வேலியோரம் என்னை நிறுத்தி அரை மணி நேரம் எச்சரித்திருந்தார். 'ஜேட் ஹெல்ம்' என்று டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்களில் ராணுவம் ஒரு பயிற்சி நடத்தப் போகிறது, அது பயிற்சி இல்லை, ஒபாமா டெக்சாஸைப் பிடிக்கப் போகிறார், திடீரென்று மூடிய வால்மார்ட் கடைகளுக்குக் கீழே சுரங்கம் வெட்டி வைத்திருக்கிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்களை அங்கேதான் அடைப்பார்கள் என்று. அவர் மட்டும் இல்லை. பாஸ்ட்ராப் என்ற ஊரில் ஒரு ராணுவ அதிகாரி நேரில் வந்து பதில் சொல்லியும் கூட்டம் சமாதானமாகவில்லை. மறுநாளே ஆளுநர் கிரெக் அபாட், பயிற்சியைக் கண்காணிக்கச் சொல்லி டெக்சாஸ் ஸ்டேட் கார்டு என்ற மாநிலப் படைக்கு உத்தரவு போட்டார்! ஜூலையில் ஆரம்பித்த பயிற்சி செப்டம்பரில் முடிந்தது, படைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பின, வால்மார்ட் வால்மார்ட்டாகவே இருந்தது.

சரி, தாத்தாவுக்காக ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். எங்களை ஏற்றிப்போனது நேஷனல் கார்டு. அது ஆளுநர் கூப்பிட்டால் வரும் மாநிலப் படை, ஹார்விக்காக அபாட் சுமார் 12,000 பேரையும் மொத்தமாக இறக்கியிருந்தார். தாத்தா பயந்தது ஜனாதிபதியின் கையில் இருக்கும் முழுநேர ராணுவத்தைப் பார்த்து. இரண்டுக்கும் சீருடை ஒன்றுதான், சட்டம் வேறு. 1878ல் வந்த போஸி கோமிடாடஸ் சட்டப்படி முழுநேர ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இதை ஏதோ சுதந்திரத்தின் காவல் தெய்வம் மாதிரி பேசுவார்கள், ஆனால் அது பிறந்த கதை அவ்வளவு அழகில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கும் அவர்கள் ஓட்டுக்கும் பாதுகாப்பாக நின்றது ராணுவம். அதை அங்கிருந்து விலக்கி வைக்கத்தான் தென்மாநில அரசியல்வாதிகள் இந்தச் சட்டத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டார்கள். அதனால்தான் 1957ல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் அதுவரை வெள்ளையர்கள் மட்டும் படித்த பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101வது வான்குடைப் படைப்பிரிவை அனுப்பியபோது, பயந்தது யார், நிம்மதியானது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. (அவர் அனுப்ப முடிந்தது, கலகம் என்றால் ஜனாதிபதி படையை இறக்கலாம் என்று 1807லிருந்து கலகத் தடுப்புச் சட்டம் என்ற ஒரு விதிவிலக்கு இருப்பதால்.)

என் பயம் வால்மார்ட் சுரங்கம் பற்றியது இல்லை. 1992ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்தின்போது காம்ப்டனில் நடந்ததைப் பற்றியது. ஒரு வீட்டில் குடும்பச் சண்டை என்று போலீஸ் போகிறது, துணைக்கு முழுநேரப் போர்ப்படையான மரீன் வீரர்கள். உள்ளேயிருந்து கதவு வழியாக ஒருவன் சிறுரவைத் துப்பாக்கியால் சுடுகிறான். போலீஸ்காரர் "கவர் மீ" என்று கத்துகிறார். போலீஸ் பாஷையில் அதற்கு அர்த்தம், துப்பாக்கியை நீட்டித் தயாராக நில், தேவைப்பட்டால் மட்டும் சுடு. மரீன்களுக்குப் போர்க்களத்தில் சொல்லிக் கொடுத்த அர்த்தம், நான் நகரும்வரை எதிரி தலை தூக்காதபடி சுட்டுக்கொண்டே இரு. சுட்டார்கள். 200 குண்டுகளுக்கு மேல். உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். யார்மேலும் படாமல் போனது சுத்த அதிர்ஷ்டம். இதில் சதியும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை, எல்லோரும் சொன்னதைச் சரியாகச் செய்தார்கள், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இதற்கு நேரெதிராக கத்ரீனா புயல். 2005ல் நியூ ஆர்லியன்ஸில் ஜெனரல் ரஸல் ஹானரே தெருவில் இறங்கி, துப்பாக்கியைக் கீழே இறக்குங்கடா என்று வீரர்களை அதட்டியதை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த நாட்களில்தான் டான்ஸிகர் பாலத்தில் நிராயுதபாணிகளான ஆறு பேர் சுடப்பட்டார்கள், இரண்டு பேர் செத்தார்கள். சுட்டது போலீஸ், பட்டாளம் இல்லை. ஆனால் வாஷிங்டன் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு பாடம். இயற்கைப் பேரிடர், தொற்றுநோய் என்றாலும் ஜனாதிபதி படையை இறக்கலாம் என்று 2006ல் அந்த 1807 சட்டத்தை நீட்டினார்கள், ஆளுநர்கள் கட்சி பேதமில்லாமல் கொதித்தார்கள், 2008 ஜனவரியில் அதை ரத்து செய்தார்கள். அதே வருடம் அக்டோபரில் ஈராக்கிலிருந்து திரும்பிய 3வது காலாட்படைப் பிரிவின் ஒரு பிரிகேடை, அணு, ரசாயனத் தாக்குதல் நடந்தால் உதவுவதற்கென்று உள்நாட்டுப் பணியில் நிறுத்தினார்கள். அது கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் பயன்படலாம் என்று ராணுவப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டு அப்புறம் திருத்தம் போட்டது. வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த வாரங்கள் வேறு. திருத்தத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

அந்தத் தாத்தா இப்போதும் பக்கத்து வீட்டில்தான். 2025 ஜூனில் கலிஃபோர்னியா ஆளுநர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் டிரம்ப், குடியேற்றச் சோதனைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்த லாஸ் ஏஞ்சல்ஸுக்கு, தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்ட 4,000 நேஷனல் கார்டும் 700 மரீன்களும் அனுப்பினாரே, செப்டம்பரில் ஒரு நீதிபதி இது 1878 சட்டத்தை மீறியது என்று தீர்ப்பு சொல்ல, அரசு மேல்முறையீட்டுக்குப் போனதே, அப்போது வேலியோரம் அவரிடம் கேட்டேன். அதெல்லாம் அவசியம்தான், அங்கே நிலைமை கைமீறிவிட்டது என்றார். ஜேட் ஹெல்மை ஞாபகப்படுத்தினேன். அது வேற என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. 2015ல் அவரைக் கிண்டல் பண்ணி எனக்கு மீம்ஸ் அனுப்பிய ஆஸ்டின் நண்பன், போன வருடம் முழுக்க ராணுவ ஆட்சி வருகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸாப்பில் ஃபார்வர்ட் பண்ணிக்கொண்டிருந்தான். 1807 சட்டத்தைத் திருத்தணும் என்று இவன் அன்றைக்குக் கேட்டதில்லை, தாத்தா இன்றைக்குக் கேட்பதில்லை. அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னால், "அன்னிக்கு லாரியில ஒரு பையன் எனக்கு கை கொடுத்து ஏத்திவிட்டானே, அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்கிறாள்.