கேட்ட விலையும் விற்ற விலையும்: நாணயம் வாங்குவோர் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

விலை பேசுமுன் போட வேண்டிய முதல் கணக்கு, உருக்கினால் என்ன தேறும் என்பது. எடையைத் தூய்மையால் பெருக்கினால் போதும். பிரிட்டிஷ் சவரன் என்ற தங்கக்காசு 7.988 கிராம், 22 காரட். உள்ளே இருக்கும் தங்கம் 7.32 கிராம். அமெரிக்க மார்கன் டாலர் 26.73 கிராம், 90 சதவீதம், வெள்ளி 24.06 கிராம். 1939 வரை அடித்த பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம், வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் எடை அதேதான், வெள்ளி மட்டும் 50 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆண்டைப் பார்க்காமல் 'வெள்ளி ரூபாய்' என்று பொத்தாம்பொதுவாக விலை பேசுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சந்தையில் சொல்லும் அவுன்ஸ், டிராய் அவுன்ஸ்: 31.1035 கிராம். சாதாரண அவுன்ஸ் என்று நினைத்து 28.35 ஆல் வகுத்தால் ஒரு கிராமின் விலை ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலாக வரும். அந்தத் தவறான எண்ணை வைத்துக்கொண்டு பேரம் பேசினால், எவ்வளவு குறைத்தாலும் நஷ்டம்தான்.

புத்தகத்தில் உள்ள எடை அடித்த அன்றைய எடை. நன்றாகத் தேய்ந்த காசு சில சதவீதம் இழந்திருக்கும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து, அந்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 5

உலோக மதிப்பு அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு பைசாவுக்கும் விற்பவரிடம் காரணம் இருக்க வேண்டும்: அரிய ஆண்டு, அரிய அக்கசாலைக் குறி (காசை அடித்த இடத்தைக் காட்டும் சிறு அடையாளம்), தேயாத நிலை, இவற்றில் ஏதாவது ஒன்று. எங்கும் கிடைக்கிற ஆண்டின் தேய்ந்த சவரனுக்கு 'நூறு வருஷப் பழசு' என்பது காரணம் ஆகாது. மரியா தெரசா வெள்ளிக்காசு இன்னும் தெளிவான உதாரணம். அதில் பொறித்த ஆண்டு எப்போதும் 1780 தான். அந்த அரசி மறைந்த பிறகும் அதே ஆண்டைப் போட்டு வெவ்வேறு அக்கசாலைகள் அடித்துக்கொண்டே இருந்தன. கையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் அடித்தவை, வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும்.

பிப்ரவரி 9

இன்று நிலை, அதாவது கிரேடு. விலையில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 1 முதல் 70 வரையிலான அளவுகோல், வில்லியம் ஷெல்டன் 1949 இல் அமெரிக்கப் பழைய செப்பு சென்டுகளுக்காக உருவாக்கியது. 60 உம் அதற்கு மேலும் புழக்கத்தில் தேயாதவை. அதற்குக் கீழே தேய்ந்தவை. இதில் விலை படிப்படியாக ஏறுவதில்லை. 20 க்கும் 25 க்கும் இடையே சொற்ப வித்தியாசம். 64 க்கும் 65 க்கும் இடையே சில நாணயங்களில் விலை இரட்டிப்பாகும், சிலவற்றில் அதற்கும் மேலே போகும். எனவே உயர்ந்த கிரேடு வாங்குகிறவர் ஒரு புள்ளி பிசகினாலும் பெரிய தொகை போய்விடும்.

தேய்மானம் முதலில் தெரிவது மேடான இடங்களில். மார்கன் டாலரில் காதுக்கு மேலுள்ள முடி, பின்பக்கக் கழுகின் மார்பு. உருவம் பொறித்த மற்ற காசுகளில் கன்னம், புருவம், கிரீடத்தின் உச்சி. அந்த இடங்களை 5 மடங்கு அல்லது 10 மடங்கு லூப்பில், அதாவது சிறு பூதக்கண்ணாடியில், பார்க்க வேண்டும். பெரும்பாலான வேலைக்கு 5 மடங்கே போதும். அதிகப் பெருக்கத்தில் எல்லாக் காசும் கீறல் விழுந்ததாகவே தெரியும்.

பலரும் தடுமாறுவது தேய்மானத்தையும் அச்சு சரியாக விழாததையும் பிரித்தறிவதில். இரண்டிலும் மேடு தட்டையாக இருக்கும். காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், அச்சு விழாத இடத்தில் மினுமினுப்பு தடையில்லாமல் ஓடும். தேய்ந்த இடத்தில் அந்த ஓட்டம் அறுந்து மங்கல் சாம்பலாக நிற்கும். முதலாவது தேயாத காசு, கொஞ்சம் விலை குறையும். இரண்டாவது 60 ஐத் தொடவே முடியாது. தேயாத காசின் விலையைக் கேட்டு 58 ஐத் தலையில் கட்டும் வியாபாரம் அடிக்கடி நடக்கிறது.

பிப்ரவரி 10

நேற்று விட்டுப்போனது: தேய்த்துத் துலக்கிய காசு.

வேறு வெளிச்சம் இல்லாத அறையில் ஒரே ஒரு விளக்கு. அதிலிருந்து ஒரு அடி தள்ளி, காசை விளிம்பில் பிடித்து ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும். தேயாத அசல் காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுழலும். துலக்கிய காசில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில் கூட்டமாக மின்னும். எழுத்துகளின் இடுக்கில் அழுக்கு கறுப்பாகவும் வெளிப்பரப்பு பளிச்சென்றும் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். தேய்ந்த காசு வெள்ளை வெளேரென்று இருப்பதும் இயல்பல்ல.

துலக்கிய காசு பல சமயம் அதே கிரேடு அசலின் பாதி விலைக்குக்கூடப் போகாது. புகைப்படத்தில் இது தெரியாது என்பதால், கோணம் மாற்றி எடுத்த படங்களோ காசு திரும்பும் காணொளியோ கேட்பது நல்லது. தர மறுப்பவரிடம் துலக்கிய விலைக்குத்தான் பேச வேண்டும்.

பிப்ரவரி 16

நியாய விலை என்பது, இதே காசு, இதே நிலையில், அண்மையில் உண்மையாகவே கைமாறிய விலை. கேட்கும் விலை வேறு. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் காசுதான் பட்டியலில் எப்போதும் கண்ணில் படும். சரியான விலை போட்டது அன்றே போய்விடும். அதனால் கேட்கும் விலைகளின் சராசரி எப்போதும் மேலேயே நிற்கும்.

நாங்கள் செய்வது இது: அதே ஆண்டு, அதே அக்கசாலைக் குறி, அதே கிரேடில் கடந்த 12 மாதங்களில் முடிந்த விற்பனைகள் ஐந்து எடுப்போம். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்குவோம். உயர்ந்ததில் இரண்டு பேர் முட்டிக்கொண்டிருக்கலாம். தாழ்ந்ததில் படத்தில் தெரியாத குறை இருந்திருக்கலாம். மீதி மூன்றின் நடுவிலைதான் பேச்சின் தொடக்கம். இடைப்பட்ட காலத்தில் வெள்ளியோ தங்கமோ ஏறியிருந்தால், உலோகப் பங்கை மட்டும் அன்றைய விலைக்கு மாற்ற வேண்டும், முழு விலையையும் அல்ல.

கேட்லாக் விலை அச்சுக்குப் போகும்போதே பழசு. ஆனாலும் அதைத் தூக்கிப்போட வேண்டாம். எந்த ஆண்டு எந்த ஆண்டைவிட எத்தனை மடங்கு, எந்தக் கிரேடில் விலை தாவுகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாக எதுவும் சொல்லாது. விகிதத்தை அதில் பார், தொகையை ஏலத்தில் பார்.

பிப்ரவரி 17

ஏலக் கணக்கு தனி. சுத்தி விழுந்த விலை (ஏலம் முடிந்த தொகை) 100, ஏல நிறுவனம் வாங்கும் வாங்குவோர் கட்டணம் 20 சதவீதம் என்றால் கொடுப்பது 120. வரியும் அனுப்பும் செலவும் அதற்கு மேல். பழைய ஏலப் பதிவுகளைப் படிக்கும்போது அந்த எண் கட்டணம் சேர்ந்ததா சேராததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே காசு ஒரு இடத்தில் 100, இன்னொரு இடத்தில் 120 என்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மொத்தம் 90 க்கு மேல் தரக்கூடாது என்று முடிவு செய்தால், கேட்க வேண்டிய உச்சம் 90 ஐ 1.2 ஆல் வகுத்து வரும் 75. 90 இல் 20 சதவீதம் கழித்து 72 என்று போடுகிறவர்கள் மூன்று புள்ளியில் காசைக் கோட்டைவிடுகிறார்கள். அனுப்பும் செலவை வகுக்குமுன்பே 90 இலிருந்து கழித்துவிட வேண்டும்.

அதே காசைத் திருப்பி விற்கும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 120 கொடுத்து வாங்கியதை 10 சதவீதக் கமிஷனில் ஏலத்துக்கு விட்டால், போட்ட பணம் திரும்ப 133.3 க்குச் சுத்தி விழ வேண்டும்.

பிப்ரவரி 23

'இத்தனைதான் அடித்தார்கள்' என்று சொல்லி விலை ஏற்றுவது வழக்கம். அடித்த எண்ணிக்கை வேறு, மிஞ்சிய எண்ணிக்கை வேறு. 1911 ஜார்ஜ் மன்னர் ரூபாயை ஏறத்தாழ 94 லட்சம் அடித்தார்கள். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழவே, வெளியே போயிருந்த 7 லட்சம் போக மீதி உருக்கப்பட்டது. அமெரிக்காவில் 1918 பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருகின. எந்த ஆண்டு பொறித்த காசு எவ்வளவு போயிற்று என்ற கணக்கே இல்லை.

எதிர்த்திசையிலும் நடக்கும். நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903 மார்கன் டாலர் அந்த வரிசையிலேயே மிக அரிதானவற்றுள் ஒன்றாக இருந்தது. 1962 இறுதியில் கருவூலம் பழைய மூட்டைகளை வெளிவிட்டதும் விலை சரிந்தது. புதையல் வெளிவரும் வாய்ப்புள்ள வகைகளுக்கு அரிது என்பதற்காக மட்டும் உச்ச விலை கொடுக்கக் கூடாது.

தேடுவோர் எத்தனை பேர் என்பதும் பாதி விலை. சான் பிரான்சிஸ்கோவில் 1909 இல் வடிவமைத்தவரின் பெயரைக் குறிக்கும் வி.டி.பி. எழுத்துகளோடு அடித்த லிங்கன் சென்ட் 4,84,000. ஏராளமாக மிஞ்சியும் இருக்கிறது. ஆனாலும் அந்த வரிசையை நிரப்புகிறவர் எல்லோருக்கும் அது வேண்டும், விலை இறங்குவதில்லை. பத்தே பத்துதான் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்த டோக்கன்கள் (காசு போன்ற வில்லைகள்), கேட்க ஆளில்லாமல் சில்லறைக்குப் போவதும் உண்டு.

மார்ச் 1

அடிமாட்டு விலைக்கு வரும் அரிய காசைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. எடை, விட்டம், தடிமன் மூன்றையும் அளந்த பின் அடர்த்தி. தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுக்க மூழ்கவிட வேண்டும். காசின் எடையைத் தராசு அப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடர்த்தி குறைத்துக் காட்டும். 11.66 கிராம், 91.7 சதவீத ரூபாய் என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். வெள்ளி முலாம் பூசிய பித்தளை அதே எடையில் இருந்தால் 1.37 அளவில் நிற்கும். பிறகு காசைத் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

அடர்த்தி சரியாக இருந்தாலும் குறியை ஒட்டவைத்த, ஆண்டை மாற்றிச் செதுக்கிய அசல் காசுகள் இதில் அகப்படாது. அவற்றுக்கு லூப்தான் வழி: குறியைச் சுற்றி மெல்லிய கோடு, நிற வேறுபாடு, எழுத்தின் இடமும் வடிவமும்.

மார்ச் 2

காசுக்குக் கிரேடு போடும் அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். (1986), என்.ஜி.சி. (1987) காலத்திலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் கிரேடு போட்டு வரும் காசுகளுக்கு நம்பிக்கை கூடுதல், விலையும் கூடுதல். ஆனால் உறையையே போலி செய்கிறார்கள். எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவில் தேடி, படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும். எண் மட்டும் பொருந்துவது போதாது, அசல் எண்ணைத் திருடித்தான் போலி உறை தயாராகிறது. அசல் உறையிலும் ஒரே 65 க்குள் கண்ணுக்கு இனியதும் இருக்கும், கறை படிந்ததும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே விலை இல்லை.

மார்ச் 8

டீலரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதே காசை நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, அந்தக் காசு எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பதைக் காட்டிவிடும். சவரன் போன்றவற்றில் இடைவெளி சிறியது. மெதுவாக நகரும் காசுகளில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாம். அதில் தவறில்லை, கடைக்காரரின் பணம் அத்தனை நாள் முடங்குகிறது. பதில் சொல்லவே தயங்கினால் கேட்ட விலையில் காற்று நிறைய இருக்கிறது.

மொத்தமாக வரும் குவியலில் சிறந்த மூன்று நான்கு காசுகளுக்கு மட்டும் விற்ற விலை பார்த்து, மற்றவற்றை உலோக மதிப்புக்கு, வெறும் நிக்கல் செம்பு என்றால் பூஜ்யத்துக்கு எழுதிக் கூட்ட வேண்டும். ஒரு காசை மட்டும் முன்னால் காட்டி மீதியைப் பையோடு விற்கிறவரிடம், அந்த ஒன்றைத் தனியாகத் தருவாரா என்று முதலில் கேட்க வேண்டும்.