முழங்கால் போனால் விசில்

எங்கள் பக்கத்தில் ஒருவர் நன்றாக உதைபந்தாட்டம் விளையாடினார் என்றால், முழங்கால் போன அடுத்த வருஷமே கழகத்தில் அவரைப் பயிற்றுவிப்பாளர் ஆக்கிக் கையில் விசிலைக் கொடுத்துவிடுவார்கள். கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நல்லா விளையாடின ஆள், அப்புறம் வேறு என்ன தகுதி வேண்டும்? மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எந்த ஊர்க் கழகத்தை எடுத்தாலும் இப்படி ஒரு அண்ணன் இருப்பார். சம்பளம் கிடையாது, பல நேரம் பந்து வாங்குவதும் அவருடைய காசில்தான், அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் ஒன்று. அவர் எப்படி விளையாடினாரோ அப்படியேதான் மற்ற எல்லாரும் விளையாட வேண்டும். பின்வரிசையில் நின்று பந்தைத் தூக்கி அடித்துப் பேர் எடுத்தவர் என்றால் பொடியன்மார் பதினொரு பேரும் தூக்கித்தான் அடிக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் மேற்கே பார்த்துத் தூக்கி அடித்த பந்து அடித்தவனின் தலைக்கு மேலாலேயே திரும்பி வரும், கண்ணுக்குள் மண் வேறு, அப்போதும் கோட்டுக்கு வெளியில் இருந்து "மனே, தூக்கி அடி!" என்ற சத்தம் நிற்காது. எங்களிடம் இடது காலால் பந்தை ஒட்டினமாதிரி கொண்டுபோகிற ஒரு பொடியன் இருந்தான். மூன்று பேரை வெட்டிக்கொண்டு போவான். அவனைப் பிடித்துப் பின்வரிசையில் நிறுத்தினார்கள், வெட்டினால் ஏச்சு. இப்போது அவன் கிரிக்கெட் விளையாடுகிறான்.

இத்தாலியப் பயிற்றுவிப்பாளர் கார்லோ அன்செலோட்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இது முன்னுரை மாதிரி வந்துவிட்டது. பரவாயில்லை, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

அவரும் முழங்கால் போன கேஸ்தான். 1959ல் வட இத்தாலியில் ரெஜ்ஜியோலோ என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பார்மா கழகத்தில் தொடங்கி, 1979ல் ரோமாவுக்குப் போனார். 1981ல் முழங்கால் உடைந்தது, 1982 உலகக் கிண்ணம் போச்சு, இத்தாலி அவர் இல்லாமலேயே சம்பியன் ஆனது. 1983ல் ரோமாவோடு லீக்கை வென்றார். அடுத்த வருஷம் ரோமா தன் சொந்த மைதானத்திலேயே ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி விளையாடி லிவர்பூலிடம் பெனல்டியில் தோற்றபோதும் இவர் காயத்தில் வெளியே. 1987ல் ஏசி மிலான் வாங்க வந்தபோது அந்த முழங்காலைப் பார்த்துப் பின்வாங்கப் பார்த்தார்கள். எனக்கு இவன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பயிற்றுவிப்பாளர் அரிகோ சாக்கி.

சாக்கியைப் பற்றி எங்கள் கழகக் கூட்டத்தில் சொன்னால் நம்பவே மாட்டார்கள். அவர் தொழில்முறையாகப் பந்து விளையாடினவரே இல்லை. அப்பாவின் சப்பாத்துத் தொழிலில் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். பயிற்சியில் எதிரணி இல்லை, சில நேரம் பந்தும் இல்லை, பந்து இந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் சொல்வார், பதினொரு பேரும் அதற்கேற்ப நகர வேண்டும். அப்படிப் பழகின அணி 1989 அரையிறுதியில் ரியல் மட்ரிட்டை 5-0 என்று அடித்தது, முதல் கோல் தூரத்தில் இருந்து அன்செலோட்டி அடித்தது. 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கிண்ணம் மிலானுக்கு. 1992ல் இவர் விளையாட்டை விட்டதும் சாக்கி இத்தாலி அணிக்குத் தன் உதவியாளராகக் கூட்டிக்கொண்டு போனார். 1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ரொபர்ட்டோ பாஜ்ஜியோ பெனல்டியை மேலே அடித்து பிரேசில் சம்பியன் ஆனபோது அன்செலோட்டி வாங்கில் இருந்தார்.

அந்தப் பாஜ்ஜியோதான் கதையின் முக்கியமான ஆள். அன்செலோட்டி தனியாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியது 1995ல், ரெஜ்ஜியானா என்ற இரண்டாம் பிரிவு அணி, அதை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டுப் பார்மாவுக்கு வந்தார். பஃபோன், கன்னவாரோ, துராம், கிரெஸ்போ எல்லாரும் அங்கே இருந்த காலம். சாக்கி சொல்லித்தந்த 4-4-2, அதாவது பின்வரிசையில் நாலு, நடுக்களத்தில் நாலு, முன்னால் இரண்டு, அதில் இருந்து ஒரு அடி விலக மாட்டார். முன்வரிசைக்குப் பின்னால் நின்று கோலுக்கு வழி போடுகிற பத்தாம் இலக்கக்காரனுக்கு அதில் இடமே இல்லை. அப்படிப்பட்ட சோலாவை இடது ஓரத்துக்குத் தள்ளினார், சோலா செல்சிக்குப் போய்விட்டார். 1997ல் பாஜ்ஜியோ பார்மாவுக்கு வருகிற மாதிரி இருந்தது, முன்வரிசைக்குப் பின்னால் நின்று விளையாட வேண்டும் என்று அவர் கேட்க, அது என் அமைப்பில் கிடையாது என்று இவர் நிற்க, விஷயம் அதோடு முடிந்தது. பாஜ்ஜியோ பொலோனாவுக்குப் போய் அந்த சீசனில் லீக்கில் 22 கோல் அடித்தார்.

இந்த இடம் வரைக்கும் அன்செலோட்டியும் எங்கள் ஊர் அண்ணனும் ஒரே ஆள்தான். தான் பழகினதைத் தவிர வேறொன்றையும் பார்க்காத ஆள். நல்ல விளையாட்டுக்காரன் கையில் விசில் வந்தால் வருகிற வியாதி இது என்று நான் நினைக்கிறேன், தனக்குச் சரிவந்தது எல்லாருக்கும் சரிவரும் என்ற நம்பிக்கை. வித்தியாசம் என்னவென்றால் இவர் அதிலிருந்து வெளியே வந்தார். பாஜ்ஜியோவை விட்டது பிழை என்று பிறகு தானே சொன்னார். 1999ல் யுவென்டஸுக்குப் போனபோது அங்கே அதே மாதிரி ஆளான சிடான் இருந்தார், சிடானை ஓரத்தில் நிறுத்த யாருக்கு மனம் வரும், அமைப்பையே மாற்றினார். இரண்டு சீசனும் இரண்டாம் இடம். அதில் ஒன்று பெருஜியாவில் கடைசி நாள், எங்கள் ஊர் மார்கழி மைதானம் மாதிரித் தண்ணீர் நின்ற இடத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆட்டம் நின்று, பிறகு தோற்று, லாசியோவிடம் ஒரு புள்ளியில் போனது. 2001ல் வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

மிலானில்தான் ஆள் முழுதாக வேறு. ருய் கோஸ்டா, செடோர்ஃப், பிர்லோ, அப்புறம் காகா. பழைய பார்மா அன்செலோட்டி என்றால் இதில் இரண்டு பேரையாவது விற்றிருப்பார். இவர் பிர்லோவை, பத்தாம் இலக்க இடத்தில் விளையாடி எடுபடாமல் இருந்தவரை, தடுப்பு வரிசைக்கு நேர் முன்னால் இறக்கினார். பிரேசியா கழகத்தில் பயிற்றுவிப்பாளர் கார்லோ மசோனே ஏற்கெனவே அந்த இடத்தில் வைத்துப் பார்த்திருந்தார், அந்த அணியில் பத்தாம் இலக்கம் யார் என்றால் அதே பாஜ்ஜியோ. வேகம் இல்லாத, மோதத் தெரியாத ஒரு பொடியனை எதிரணி பாய்ந்து வருகிற இடத்தில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை, ஒரு பக்கம் கட்டூசோவை ஓட விட்டு மறைப்புக் கொடுத்தார். 2003ல் சம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கிண்ணத்தின் புதுப் பேர்), அதுவும் தன்னைத் தூக்கின யுவென்டஸைப் பெனல்டியில் தோற்கடித்து.

2005 சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, இஸ்தான்புல்லில் லிவர்பூலோடு, அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் ஒரு நண்பன் வீட்டில் பாயைப் போட்டு நடுச்சாமத்தில் பார்த்தோம், அவனுடைய அம்மா எழும்பி வந்து பிளேன்டீ ஊற்றித் தந்தார். இடைவேளைக்கு மிலான் 3-0. இனி என்ன பார்க்க என்று பாதிப் பேர் அங்கேயே நித்திரை. காலையில் லிவர்பூல் வென்றது என்று சொன்னால் ஒருவனும் நம்பவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஆறு நிமிஷத்தில் லிவர்பூல் மூன்று கோல் அடித்துச் சமப்படுத்தி, பெனல்டியில் வென்றது. அதில் மூன்றாவது கோலை அடித்த சாபி அலோன்சோ பிறகு ரியல் மட்ரிட்டிலும் பயர்னிலும் அன்செலோட்டியின் கீழ் விளையாடி, 2025ல் மட்ரிட்டில் அவருடைய கதிரைக்கே வந்தார். 2007ல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை இன்ஸாகியின் இரண்டு கோலோடு வென்று மிலான் கணக்கைத் தீர்த்தது.

அதற்குப் பிறகு ஊர் ஊராக. செல்சியில் 2010ல் லீக்கும் எஃப்ஏ கிண்ணமும், 103 லீக் கோல், அடுத்த சீசனின் கடைசி மட்ச் முடிந்த அன்றைக்கே வேலை போச்சு. பாரிஸில் லீக், பயர்னில் லீக், இரண்டாவது சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில் பயர்னும் தூக்கியது. நாப்போலியில் ஹெங்க்கை 4-0 என்று வென்ற இரவே அனுப்பிவிட்டார்கள்.

மட்ரிட்டைப் பற்றிச் சொன்னால் என் நண்பன் ஒருவன் உடனே குறுக்கே விழுவான். "அங்க யார் இருந்தாலும் வெல்லுவான் மச்சான், அந்தாள் சூயிங்கத்தைச் சப்பிக்கொண்டு புருவத்தைத் தூக்கினதுதான்." பாதி சரி. லீக்கில் அவருடைய கணக்கு அவ்வளவு பெரிசு இல்லை, அப்படி ஒரு மிலான் அணியை வைத்துக்கொண்டு ஏழெட்டு வருஷத்தில் ஒரே ஒரு லீக்தான். ஆனால் 2013ல் பேல் வந்ததால் இடம் இல்லாமல் நின்ற டி மரியாவை நடுக்களத்துக்கு இழுத்தது யார்? அந்த சீசன்தான் மட்ரிட்டின் பத்தாவது ஐரோப்பியக் கிண்ணம், ராமோஸ் 93ஆம் நிமிஷத்தில் தலையால் அடித்துச் சமப்படுத்திய லிஸ்பன் மட்ச். 2023ல் பென்ஸமா போய், அந்த இடத்துக்குப் பெரிய பேர் ஒன்றும் வராமல் நின்றபோது பெல்லிங்ஹாமை மேலே ஏற்றிவிட்டார், பொடியன் லீக்கில் 19 கோல். மட்ரிட்டில் சம்பியன்ஸ் லீக் 2014, 2022, 2024, மிலானின் இரண்டோடு மொத்தம் ஐந்து. பயிற்றுவிப்பாளராக வேறு யாரும் ஐந்து எடுத்ததில்லை. 2022ல் ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்கையும் வென்ற முதல் ஆளும் அவர்தான்.

நம்ம நாட்டிலும் இந்த வழியில் போனவர் இருக்கிறார், பக்கீர் அலி. டாக்காவில் அபஹானி கழகத்துக்கு விளையாடி, பங்களாதேஷில் கழகங்களைப் பயிற்றுவித்து, இலங்கை அணிக்கும் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2025 மே மாதம் அன்செலோட்டி பிரேசில் அணியைப் பொறுப்பெடுத்தார். அதே நண்பன் பிறந்ததில் இருந்தே பிரேசில் கட்சி, மஞ்சள் பெனியனைத் தோய்க்கக்கூட விடமாட்டான். "பிரேசிலுக்கு இத்தாலிக்காரன் எதுக்கு, எல்லாரையும் பின்னால நிப்பாட்டப் போறான்" என்று ஒரே புலம்பல். பெல்லிங்ஹாம் கதையைச் சொன்னேன், வினிசியஸுக்கு இடது பக்கத்தை எழுதிக் கொடுத்ததே இந்த மனிதர்தான் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும், நெய்மாரை எடுப்பாரா இல்லையா, அதைச் சொல்லு" என்றான்.