செம்பிக்கு உடம்பு சரியில்லாத நாட்கள்

மார்ச் 3, செவ்வாய், இரவு

எங்கள் நாய் செம்பி இன்று காலைச் சாப்பாட்டில் பாதியைத் தொடவில்லை. விடியற்காலையில் மஞ்சள் நுரையாகக் கொஞ்சம் வாந்தி எடுத்திருந்தாள். வெறும் வயிற்றில் பித்தம் சேர்ந்து இப்படி வருவது நாய்களுக்குப் புதிதில்லை. கூப்பிட்டால் வருகிறாள், வாலை ஆட்டுகிறாள், அழைப்பு மணி அடித்தபோது குரைத்தாள். ஆனால் குரைத்த கையோடு போய்ப் படுத்துக்கொண்டாள். வந்தது யார் என்று மோந்து பார்க்காமல் விடுகிறவள் இல்லை அவள்.

"ஒரு வேளை பட்டினி போட்டா தானா சரியாயிடும்" என்றார் அம்மா. பல நேரம் இது சரிதான். தடுப்பூசி எல்லாம் போட்ட, வளர்ந்த நாய் ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு, குடித்த தண்ணீர் உள்ளே நின்று, ஆளும் தெளிவாக இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். குட்டிக்கும், ரொம்ப வயதான நாய்க்கும், ஏற்கெனவே சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கும் இந்தச் சலுகை கிடையாது.

பொறுப்பதற்கு முன்னால் சிலவற்றைப் பார்த்துக்கொண்டேன். உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுத்து, 2 நொடிக்குள் நிறம் திரும்புகிறது. தோள்பட்டைத் தோலைப் பிடித்து விட்டால் உடனே படிந்துவிடுகிறது, ஆக உடம்பில் நீர் வற்றவில்லை. உடம்புச் சூடு 101.8 டிகிரி. மனிதனுக்கு அது காய்ச்சல், நாய்க்கு இயல்பு. ஏறக்குறைய 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. 103-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேச வேண்டும், 104-ஐத் தாண்டினால் உடனே கிளம்ப வேண்டும். 99-க்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான்.

பொறுக்கலாம் என்று முடிவானதும் ஒரு தாளில் எல்லையை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நாளை இரவுக்குள் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் டாக்டருக்கு போன். திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீரே வெளியே வருவது, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் என்று எது வந்தாலும் அன்றைக்கே போவது. இதை மனது தெளிவாக இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும். நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், "விடியட்டுமே" என்று மனது பேரம் பேச ஆரம்பிக்கும். தாள் பேரம் பேசாது.

அதே தாளில், அடியில், சிவப்பு மையில் இன்னொரு பகுதி. பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாதவை. வயிறு உப்பி, வாந்தி எடுக்கத் திணறி ஒன்றும் வராமல் எச்சில் மட்டும் ஒழுகினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இது அதிகம் வரும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மூச்சுத் திணறல். ஈறு வெளுப்பது, நீலமாவது. முக்கி முக்கியும் சிறுநீர் ஒரு சொட்டும் வராமல் இருப்பது. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, அல்லது ஒரே நாளில் மறுபடியும் வருவது. நிற்க முடியாமல் சரிந்து விழுவது. எலி விஷம், சாக்லேட், திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் இவற்றைத் தின்றது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி விஷத்தைத் தின்ற நாய் சில நாள் நன்றாகவே நடமாடும். ரத்தக்கசிவு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

மார்ச் 4, புதன், இரவு

காலையில் முக்கால்வாசி சாப்பிட்டாள். வாந்தி இல்லை. மலம் இயல்பு. தாளின்படி பார்த்தால் தேறிவிட்டாள்.

மதியம் அவள் தூங்கும்போது மூச்சை எண்ணினேன். மார்பு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. 22 வந்தது. நன்றாகத் தூங்கும் நாய்க்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். இதய நோயுள்ள நாய்களுக்கு நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குவதை வீட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த எண்தான். இதை நாய் நன்றாக இருக்கும் காலத்திலேயே சில முறை எண்ணிக் குறித்து வைப்பது நல்லது. எப்போதும் 16 மூச்சு விடும் நாய் 28-க்கு வந்தால், அது 30-க்குள்தான் இருக்கிறது என்று நிம்மதியாகிவிட முடியாது. செம்பிக்கு 20 முதல் 22 என்பது பழைய கணக்கு, ஆகவே இதில் மாற்றமில்லை.

தெர்மாமீட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காது சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. நன்றாக இருக்கும் நாய்க்கே தூங்கி எழுந்தால் மூக்கு காய்ந்துதான் கிடக்கும். முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் மெதுவாகச் செருகி, பீப் சத்தம் வரும்வரை ஒருவர் தலைப்பக்கம் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். நாய்க்கென்று ஒரு தெர்மாமீட்டர் தனியாக இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. தண்ணீர்க் கிண்ணம் சாயங்காலத்துக்குள் காலியாகிவிட்டது. வெயிலில் அலையவில்லை, ஓடவில்லை. இன்று இரவு முதல் அளந்து ஊற்றப் போகிறேன்.

மார்ச் 5, வியாழன், இரவு

ஒரு முழு நாளில் 1,900 மில்லி குடித்திருக்கிறாள். எடை 16 கிலோ. நாய் சாதாரணமாக ஒரு நாளில் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். 100-ஐத் தாண்டினால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். அவளுக்கு அந்தக் கோடு 1,600. நேற்று இரவு கூடத்திலேயே சிறுநீர் கழித்திருந்தாள், இதுவரை செய்யாத காரியம். அதிகம் கழிப்பதால்தான் அதிகம் குடிக்கிறாள். எனவே தண்ணீரைக் குறைத்துவைக்கக் கூடாது, வைத்தால் உடம்பு வற்றிவிடும்.

நாய் சாப்பிடாவிட்டால் வீடே கவலைப்படும். நிறையத் தண்ணீர் குடித்தால் யாரும் பயப்படுவதில்லை, நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், குஷிங் என்ற ஹார்மோன் நோய் என்று பலதும் முதலில் இந்தக் கிண்ணத்தில்தான் தெரிகிறது.

இன்று இரவுச் சாப்பாட்டையும் மோந்துவிட்டு நகர்ந்துவிட்டாள். பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறாள். உடம்புச் சூடு 102. ஈறு சரியாகவே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எழுதிய எல்லைகளில் ஒன்றைக்கூடச் சரியாக மீறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாந்தி, அரைச் சாப்பாடு, சோர்வு, தாகம், நக்குவது எல்லாம் மூன்று நாளுக்குள் ஒரே உடம்பில் வந்திருக்கின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். சேர்த்து வைத்துப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. கிளினிக்குக்கு போன் செய்தேன்.

"கடைசியா எப்போ ஹீட் வந்தது?" டாக்டரின் முதல் கேள்வியே அதுதான். ஹீட் என்றால் பெண் நாய் இணை சேரத் தயாராகும் காலம்.

"ஜனவரி கடைசியில முடிஞ்சதுங்க டாக்டர்."

"கருத்தடை ஆபரேஷன் பண்ணலை, இல்லையா?"

"இல்லைங்க. ஹீட் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் போகட்டும்னு நீங்கதான் சொல்லியிருந்தீங்க. அடுத்த மாசம் பண்றதா இருந்தோம்."

"காலை வரைக்கும் வெச்சிருக்க வேண்டாம். இப்பவே கூட்டிட்டு வாங்க. சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க."

தடுப்பூசி அட்டை, தண்ணீர்க் கணக்கு எழுதிய தாள், அவள் நடப்பதை எடுத்த சின்ன வீடியோ மூன்றையும் எடுத்துக்கொண்டேன். கிளினிக் மேஜையில் ஏறியதும் பதற்றத்தில் பல நாய்கள் நோயே இல்லாத மாதிரி நிமிர்ந்து நிற்கும். வீட்டில் எப்படி இருந்தது என்பதை வீடியோதான் காட்டும். கிளம்புகிறோம்.

மார்ச் 6, வெள்ளி, மாலை

பயோமெட்ரா. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன. இரவெல்லாம் டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றி, காலையில் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். மதியம் கண் விழித்தாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஹீட் முடிந்ததும் கரு தரித்தாலும் தரிக்காவிட்டாலும் நாயின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல வாரம் உயர்ந்தே இருக்கும். அது கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும், சுரப்புகளை அதிகமாக்கும், கர்ப்பப்பையின் வாயை மூடும், கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் இது திரும்பத் திரும்ப நடப்பதால், நடுத்தர வயதைத் தாண்டிய பெண் நாய்களுக்கு ஆபத்து கூடுகிறது. ஈகோலை போன்ற கிருமி உள்ளே ஏறினால் நன்றாகப் பெருகிவிடும். வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், பார்த்ததும் தெரிந்துவிடும். செம்பிக்கு மூடியிருந்தது. அதனால் வெளியே ஒரு துளியும் வரவில்லை. இந்த மூடிய வகை உள்ளேயே வெடித்துப் பரவும் ஆபத்து உள்ளது. கிருமியின் நச்சு, சிறுநீரைக் கெட்டியாக்கும் சிறுநீரகத்தின் வேலையைக் கெடுக்கிறது. அந்தத் தாகத்துக்குக் காரணம் அதுதான்.

"காய்ச்சலே இல்லையே டாக்டர்" என்று அம்மா கேட்டார். இந்த நோயில் பல நாய்களுக்குக் காய்ச்சல் இருப்பதில்லையாம். அம்மா அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை, கூண்டுக் கம்பி வழியாகச் செம்பியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் கருத்தடை செய்யாத பெண் நாய் இருந்தால் ஹீட் தொடங்கும் தேதியைத் தயவுசெய்து எழுதி வையுங்கள். அது முடிந்து இரண்டு மாதம் வரை சோர்வு, தாகம், பசியின்மை எது வந்தாலும் அந்தத் தேதியை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் கூம்பு. சுவரிலெல்லாம் இடித்துக்கொள்கிறாள், பார்க்கப் பாவமாக இருக்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன். தையலை நக்கிப் பிரித்துவிட்டால் எல்லாம் வீணாகிவிடும்.

புதிய தாள் ஒட்டியாயிற்று. தையலில் லேசான சிவப்பு இருக்கலாம். வீக்கம் கூடினாலோ, சீழோ ரத்தமோ கசிந்தாலோ, ஈறு வெளுத்தாலோ உடனே கிளினிக். வலிக்கு டாக்டர் கொடுத்தது மட்டும். வீட்டில் மனிதர்களுக்காக வைத்திருக்கும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். அந்த மருந்துப் பெட்டியை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். மூன்று மாதக் குட்டி காலையிலிருந்து வாந்தி எடுக்கிறது, மலத்தில் ரத்தம் மாதிரி இருக்கிறது, நாளைக்குக் காட்டலாமா என்று கேட்டார். தடுப்பூசி இன்னும் முடியவில்லை. "நாளைக்கு இல்லைக்கா, இப்பவே போங்க. பார்வோவா இருக்கலாம்னு போன்லயே சொல்லிடுங்க, மத்த நாய்ங்களோட உட்கார வைக்க மாட்டாங்க" என்றேன். பார்வோ என்பது குட்டிகளைத் தாக்கும் தொற்று வைரஸ் நோய். குட்டிக்கு உடம்பில் இருப்பு கிடையாது. சில மணி நேரத்தில் நீர் வற்றிவிடும், சர்க்கரை இறங்கிவிடும். அக்காவுக்குச் செலவுக் கவலையும் இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு ஆகும், பிரித்துக் கட்டலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள் என்று சொன்னேன். உடனே கிளம்பிப் போனார்.

மார்ச் 11, புதன்

செம்பிக்கு மலம் கொஞ்சம் இளகலாகப் போயிற்று. சாப்பிடுகிறாள், விளையாட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், ரத்தம் இல்லை. கிளம்பவில்லை, போனில் கேட்டேன். ஆன்டிபயாட்டிக்கால் இருக்கும், மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், நாளைக்கும் இப்படியே இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். கிளினிக்குக்குப் போவது, பேசாமல் இருப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் போன் என்று ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக் குட்டிக்குப் பார்வோதான். இன்னும் கிளினிக்கில் இருக்கிறது. நேற்றிலிருந்து வாந்தி நின்றிருக்கிறதாம்.

மார்ச் 18, புதன்

தையல் பிரித்தாயிற்று. கூம்புக்கும் விடுதலை.

காத்திருக்கும்போது அருகில் ஒருவர் பதிமூன்று வயது நாயோடு உட்கார்ந்திருந்தார். பல மாதமாகப் படி ஏற மறுக்கிறதாம், வயதாகிவிட்டது என்று விட்டிருந்தார்களாம். மூட்டுவலி என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார் டாக்டர். வயது என்று சொல்லி விட்டுவிடும்போது ஆற்றக்கூடிய ஒரு வலியையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். நாய் அழுது காட்டாது. படி ஏறாது, கட்டிலில் தாவாது, தொட்டால் விலகும், அவ்வளவுதான்.

சிறுநீரகம் முழுதும் தேறிவிட்டதா என்று பார்க்க அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. அதுவரை தண்ணீரை அளந்துகொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். நேற்று 850 மில்லி. எடை 15.6. தூக்கத்தில் மூச்சு 20.