கட்டத்தில் போட்ட பூஜ்யம்

"கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் ஊசி போட்டீங்க?"

"ஒரு நாள்கூட இல்ல சார். பவுடர் இல்ல, மாத்திரையும் நிறுத்திட்டேன். ஊர்ல மாமா வீட்டுலயே கெடந்தேன்."

ஹெராயின் ஊசி போடுகிறவர்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கிற வேலை எனக்கு. "சூப்பர்ங்க" என்றேன். கட்டத்தில் 0 போட்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அந்த 'சூப்பர்'தான் நாலு வருஷமாக உறுத்துகிறது. ஆறு மாதம் கழித்து அடுத்த பேட்டிக்குக் கூப்பிட்டபோது அவருடைய அண்ணன்தான் போனை எடுத்தார். தூங்கினவன் எழுந்திருக்கவில்லை, நெஞ்சுவலியாக இருக்கும் என்றார். தேதி கேட்டுக் கணக்குப் போட்டேன். என் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன ஒன்பதாவது நாள். போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தடவை போட்டான் என்று கூட்டாளி ஒருவர் சொன்னார். அவரும் கூட இருந்து பார்த்தவரில்லை.

எனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. தினமும் ஏற்றுகிறவரின் உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. மூச்சை நடத்துகிற மூளைப்பகுதியும் சேர்ந்துதான் பழகுகிறது. சில வாரம் விட்டால் அந்தத் தாங்குசக்தி போய்விடும், ஆசை போகாது. திரும்பப் போடும்போது கை பழைய அளவைத்தான் எடுக்கும், மூச்சு நின்றுவிடும். லண்டனில் 137 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. சிகிச்சை முடிந்து நாலு மாதத்துக்குள் அளவு மீறி இறந்த மூன்று பேருமே தாங்குசக்தியை இழந்திருந்தவர்கள், அதாவது போதையை நல்லபடியாக விட்டுவிட்டு வெளியே போனவர்கள். இதை வேலைக்குச் சேரும்போதே படித்திருந்தேன். ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கிற புப்ரநார்ஃபின் மாத்திரையைத் தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிறவருக்கு இந்த ஆபத்து குறைவு என்பதும் தெரியும். மூளையில் ஹெராயின் போய் உட்காருகிற அதே இடத்தில் அது இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும், ஹெராயினுக்கு எளிதில் இடம் விடாது. "அதுவும் போதைதானே" என்று இவர் வீட்டில் சொன்னார்களாம், அதனால் அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

எனக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும். நான் டாக்டர் இல்லை, கவுன்சிலரும் இல்லை, ஃபார்ம் நிரப்புகிறவன். திட்டாதே, பாராட்டாதே, முகத்தில் எதையும் காட்டாதே என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் முகம் மலர்ந்தால் அடுத்த தடவை நம்மைச் சந்தோஷப்படுத்தவே பொய் சொல்வார்கள், புள்ளிவிவரம் கெட்டுவிடும். நியாயமான விதி. ஆனால் பாராட்டும்போது அந்த விதி எனக்கு ஞாபகம் வரவில்லை. "பார்த்துங்க, இனி பழைய அளவு தொட்டா உயிருக்கே ஆபத்து" என்று ஒரு வரி சொல்லத்தான் விதி குறுக்கே நின்றது. இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அன்றைக்கு அந்த வரி மனதில் வந்ததா என்பதே சந்தேகம். மணி ஒன்றரை. வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார், முதல் தடவையாக. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நானும் மயங்கிவிட்டேன் போல.

சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பாரா? தெரியாது.

இப்போது 0 சொல்கிற எல்லோரிடமும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைச் சொல்கிறேன். சீனியருக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை. போன மாதம் ஒரு பையன், ஊசியை விட்டு நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தான்.

"அப்போ நான் திரும்பப் போவேன்னே முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

அப்படியில்லை தம்பி என்று ஏதோ சமாளித்தேன். பஸ் காசை வாங்கிக்கொண்டான், டீ வேண்டாம் என்றுவிட்டான். அடுத்த வாரம் மாத்திரை விஷயமாக வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. போன் அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறான்.