அடையாளம் எப்போது பகையாகிறது?

இரு சமூகங்களுக்கிடையே மோதல் வெடிக்கும்போதெல்லாம், "அவர்களுக்குள் காலங்காலமாகவே ஒத்துப்போகாது" என்ற விளக்கம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. குழு அடையாளம் நம்மை ஒருபக்கம் சாய வைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அந்தச் சாய்வு தானாகவே பகையாக முற்றிவிடுவதில்லை.

சாய்வு எவ்வளவு எளிதில் உண்டாகிறது என்பதை உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. போலந்து யூதரான அவர், ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்டவர். குடும்பத்தினர் பலரை யூத இனப்படுகொலையில் இழந்தவர். பால் கிளே, காண்டின்ஸ்கி ஆகிய இரு ஓவியர்களுள் யாருடைய படங்கள் பிடித்திருந்தன என்பதைப் பொறுத்துப் பிரிப்பதாகச் சொல்லி, பள்ளிச் சிறுவர்களை உண்மையில் தற்செயலாகவே இரு குழுக்களாக்கினார். தம் குழுவில் இருப்பவர் யாரென்பதுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. பெயர் அறியாத இருவருக்குப் பண மதிப்புள்ள புள்ளிகளைப் பங்கிட வேண்டும். தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் அட்டவணையின் ஒரு முனையில் தம் குழுவினருக்கு 19, மற்றவருக்கு 25. மறுமுனையில் தம்மவருக்கு 7, மற்றவருக்கு 1. முதல் முனையே தம்மவருக்கு அதிகம் தருவது என்றபோதிலும், அதை விட்டு, மற்றவரைவிட முந்தி நிற்கும் பக்கமாகவே அவர்களுடைய தேர்வுகள் சாய்ந்தன.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நன்மைக்குப் பதிலாகத் தொல்லை தரும் ஒன்றைப் பங்கிடச் சொன்ன பிற்கால ஆய்வுகளில், தம்மவருக்குச் சாதகமான அந்தச் சாய்வு பெருமளவு மங்கிப்போனது. தம்மவருக்குக் கூட்டிக்கொடுப்பது ஒன்று, மற்றவருக்குத் தீங்கு செய்வது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே நெடுந்தொலைவு இருக்கிறது.

அந்தத் தொலைவு எப்படிக் கடக்கப்படுகிறது என்பதற்கு, அரசியல் அறிஞர் டேனியல் போஸ்னர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான சான்று. செவா, தும்புகா ஆகிய இரு இனத்தவரும் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்துள்ள மலாவி, சாம்பியா ஆகிய இரு நாடுகளிலும் வாழ்கின்றனர். நாட்டெல்லையோ குடியேற்ற ஆட்சியினர் கிழித்த கோடு. மொழியிலும் வழக்கங்களிலும் இவ்விரு இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடுகள் எல்லையின் இரு பக்கமும் ஒன்றேதான். ஆனால் ஆய்வு நடந்த காலத்தில் சாம்பியாவில் கூட்டாளிகளாகப் பழகிய இவர்கள், மலாவியில் அரசியல் எதிரிகளாக நின்றனர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் மலாவியில் தயக்கம் மிகுதியாக இருந்தது. சிறிய நாடான மலாவியில் இரு இனங்களும் ஆட்சியைப் பிடிக்கப் போட்டியிடும் அளவுக்குப் பெரியவை. சாம்பியாவில் தனித்து நின்றால் எடுபடாத அளவுக்குச் சிறியவை. ஆகவே மலாவியின் அரசியல்வாதிகளுக்கு இந்த வேறுபாடு வாக்காக மாறியது. சாம்பியாவில் அதனால் ஆதாயம் இல்லை.

அடையாளங்களைக் கைவிடுங்கள் என்று மக்களுக்குச் சொல்லும் அறிவுரை எனக்கு வீணாகப் படுவதும், சில வேளைகளில் கொடுமையாகப் படுவதும் இதனால்தான். அடிபட்டவரிடம் போய், உன் பெயரையும் மொழியையும் நம்பிக்கையையும் விட்டுவிடு, அமைதி கிடைக்கும் என்பது எந்த வகையில் நியாயம்? எந்தத் தேர்தல் விதி, எந்தப் பதவிப் பங்கீடு, எந்த நிலத்தகராறு அந்த வேறுபாட்டை விலைபோக வைத்தது என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் முற்றிலும் வேறு ஆட்களாக இருப்பார்கள்.