யார் எடுத்த ஷாட்?

செய்தித் தொலைக்காட்சியில் வீடியோ எடிட்டராக இருப்பவர்களுக்குப் படம் பார்ப்பதில் ஒரு தொந்தரவு உண்டு. கதையோடு முழுசாகப் போக முடியாது. இங்கே ஏன் கட் செய்தார்கள், இந்த விஷுவல் எங்கே கிடைத்தது, காட்சி வருவதற்கு முன்னாலேயே குரல் ஏன் உள்ளே வருகிறது என்று மனசு தனியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆசிஃப் கபாடியா இயக்கி 2015இல் வெளிவந்த ‘ஏமி’ ஆவணப்படத்தையும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் வாழ்க்கை. 1983இல் பிறந்தவர், 2011 ஜூலை 23 அன்று லண்டன் கேம்டனில் தன் வீட்டிலேயே இறந்துபோனார். வயது 27.

படம் தொடங்குவது 1998இல், ஒரு தோழியின் பிறந்தநாளில். வீட்டு வீடியோ கேமரா, படம் ஆடுகிறது. பிள்ளைகள் சேர்ந்து வாழ்த்துப் பாடுகிறார்கள். நடுவில் ஏமியின் குரல் மட்டும் தனியே ஏறி, ஜாஸ் பாடகி ஒருத்தியைப் போல இழுத்து வளைத்து அந்தப் பாட்டை முடித்துவைக்கிறது. அந்த வயசில் அந்தக் குரல். நான் அங்கேயே நிறுத்தி இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

திரும்ப ஓட்டியபோது கவனித்தது வேறு. எங்கள் வேலையில் கண் எங்கே பார்க்கிறது என்பது முக்கியம். கேமராவைப் பிடித்திருப்பவர் தெரிந்தவர் என்றால், எதிரில் இருப்பவரின் பார்வை லென்ஸில் நிற்காது. லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே, பிடித்திருப்பவரின் முகத்துக்குப் போகும். தெரியாதவர் என்றால் ஒன்று லென்ஸையே வெறிக்கும், இல்லை தரையைப் பார்க்கும். படத்தின் முதல் பகுதியில் ஏமியின் கண் பெரும்பாலும் லென்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. எடுத்தவர்கள் தோழிகள். அப்புறம் நிக் ஷைமான்ஸ்கி, ஏமியின் முதல் மேனேஜர், அவரே அப்போது சின்னப் பையன். கச்சேரிக்குப் போகும் வழியில் காருக்குள் அவர் எடுத்த துண்டுகளில் அந்தப் பெண் சீண்டுகிறாள், வம்பு பேசுகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

2003இல் ‘ஃபிராங்க்’ ஆல்பம். 2006இல் ‘பேக் டு பிளாக்’. 2008இல் ஒரே இரவில் ஐந்து கிராமி இசை விருதுகள். இதற்குள் கேமரா கை மாறிவிடுகிறது. காருக்கு உள்ளே இருந்த கேமரா காருக்கு வெளியே வந்து, கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வாசல் கதவு திறந்தால் போதும், பட்டாசுச் சரம் வெடிப்பது போல ஃபிளாஷ். அந்த வெளிச்சத்தில் முகம் வெள்ளையாக அழிந்து அழிந்து திரும்பி வருகிறது. இதே எஃபெக்டை நாங்கள் நட்சத்திரச் செய்திகளில் வேண்டுமென்றே சேர்ப்போம், ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குத் தாவ. பட்டனை அழுத்தினால் வெள்ளை ஃபிரேம், கூடவே கேமரா கிளிக் சத்தம். ‘ஏமி’யில் அது எஃபெக்ட் இல்லை. ஒரு பெண் தன் வீட்டுப் படியை விட்டு இறங்க முடியாத நிலைமை அது. இந்தப் படத்துக்குப் பிறகு நான் எந்தப் பேக்கேஜிலும், அதாவது செய்தித் தொகுப்பிலும், அந்த எஃபெக்டைப் போடவில்லை. போடச் சொன்னால் காரணம் சொல்லி மறுத்துவிடுவேன்.

இதற்கு முன்னாலேயே ஓரளவு இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எடிட் ரூமில் இருந்த சீனியர். ஒரு முறை, சின்ன வயசிலேயே இறந்துபோன ஒரு பாடகரின் வீட்டிலிருந்து ரஷ், அதாவது இன்னும் வெட்டாத பதிவு, வந்தது. எல்லா சேனல் கேமராக்களும் முண்டியடித்து எடுத்த புட்டேஜ். அதில் அந்தத் தாயின் முகம் குளோசப்பில் நீளமாக இருந்தது. செய்தி டெஸ்க்கிலிருந்து ஓடி வந்த பையன், “அண்ணே, அந்த அம்மா அழுறதை ஸ்லோ மோஷன்ல போட்டு ஓப்பன் பண்ணிடலாம்ணே” என்றான். சீனியர், காட்சியை முன்னும் பின்னும் ஓட்டும் ஜாக் வீலைச் சுற்றி ரஷ்ஷை முதலிலிருந்து முழுக்க ஓடவிட்டார். ஓரிடத்தில் அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடப் பார்க்கிறார், யாரோ ஒருவரின் மைக் அந்தத் தலைப்பில் சிக்கி அதை விலக்கிவிடுகிறது. அங்கே பாஸ் செய்தார். “அவங்க வேண்டாம்னு சொல்லியாச்சு தம்பி. வாசலோட நிறுத்திக்குவோம். அவரு பாடின கச்சேரி விஷுவல் இருக்குல்ல, அதைப் போடு” என்றார். அன்றைக்கு எங்கள் சேனலில் அந்த முகம் வரவில்லை.

‘ஏமி’ படத்தில் என்னை உறுத்தும் இடமும் இதுதான். அந்தப் பெண்ணைத் துரத்தித் துரத்தி எடுத்த ஷாட்களை வைத்துத்தான் துரத்தியவர்களைப் படம் குற்றம் சொல்கிறது. வேறு வழி இல்லை என்பதும் புரிகிறது, அவற்றைக் காட்டாமல் அந்தக் கொடுமையைச் சொல்ல முடியாது. டிவி நிகழ்ச்சிகளில் பெரிய பெரிய தொகுப்பாளர்கள் அவருடைய போதைப் பழக்கத்தையும் உடம்பையும் வைத்து ஜோக் அடித்த துண்டுகளைக் கோத்து வைத்திருப்பது நியாயமான வேலை. யார் யார் சிரித்தார்கள் என்பது பதிவாக வேண்டும். ஆனால் கடைசியில் வீட்டிலிருந்து உடலை வெளியே கொண்டுவரும் ஷாட்டை நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன். அதையும் ஒரு வெளிக் கேமராதான் தூரத்திலிருந்து எடுத்தது. அதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. பிரேதப் பரிசோதனையில் வந்த எண்ணே போதும்: 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால். அங்கே வண்டி ஓட்டுபவருக்கு அனுமதித்த அளவு 80. கூடவே சின்ன வயசிலிருந்து இருந்த புலிமியா. சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்துவிடும் அந்த நோய் உடம்பை உள்ளுக்குள் எப்படி அரித்திருந்தது என்பதைப் படம் இன்னும் கொஞ்சம் நின்று சொல்லியிருக்கலாம். போதை, குடி என்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சாப்பாட்டுக் கோளாறை யாரும் பார்ப்பதில்லை, அந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

படத்தில் பேட்டி கொடுப்பவர்களின் முகம் வராது. ஏறக்குறைய நூறு பேரிடம் கபாடியா பேசியிருக்கிறார், எல்லாம் ஆடியோ மட்டும். விளக்கை அணைத்துவிட்டு, மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு பேச வைத்திருக்கிறார். அதுவரை பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறக்காத சிறுவயதுத் தோழிகள் அப்படித்தான் பேசினார்கள். இதை நான் எங்கள் வேலையிலும் பார்த்திருக்கிறேன். மறைந்த ஒரு பாடகருக்கு நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவரை ஸ்டூடியோவுக்கு அழைத்திருந்தோம். லைட்டைப் போட்டதும் “நல்ல மனுஷன், பெரிய இழப்பு” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நானே எழுந்துபோய், “ஐயா, கேமராவை ஆஃப் பண்ணியாச்சு. மைக் மட்டும் ஓடட்டுங்களா?” என்று கேட்டேன். சரி என்றார். அப்புறம் அவர் பேசியதைக் கேட்க ஒளிப்பதிவாளரும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசிக் காலத்தில் ஸ்கேலை, அதாவது சுருதியை, இறக்கி வாசிக்கச் சொல்லி அந்தப் பாடகர் காதோடு கேட்டதையும், அது சபைக்குத் தெரியக் கூடாது என்று தான் பட்ட பாட்டையும் சொன்னார். லைட் எரிந்திருந்தால் இது வந்திருக்காது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2011 மார்ச்சில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் எடுத்தது. அமெரிக்க ஜாஸ் பாடகர் டோனி பென்னட்டுடன் ஏமி சேர்ந்து பாடும் ரெக்கார்டிங். அவருக்கு 84 வயது, ஏமி சிறுமியாக இருந்த நாளிலிருந்து தெய்வமாக நினைத்தவர். ஏமிக்குப் பதற்றம். பாட ஆரம்பித்து நிறுத்துகிறாள், சரியாக வரவில்லை என்று தன் மேலேயே எரிச்சல்படுகிறாள், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பெரியவர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்திலேயே நின்று தைரியம் சொல்கிறார். அடுத்தடுத்த டேக்கில் குரல் இறங்கி உட்காருகிறது. இரண்டு மைக், எதிரெதிரே இரண்டு பேர், வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லை. மூன்று மாதம் கழித்து செர்பியாவின் பெல்கிரேடில் பெரும் கூட்டத்தின் முன்னால் பாட முடியாமல் நின்றதும், ஜனங்கள் கத்தியதும் படத்தில் உண்டு. அந்தக் காட்சிதான் இணையமெங்கும் பரவியது. அபே ரோட்டில் பாடியதும் அதே வருஷத்து ஏமிதான். வெட்டி ஒட்டுகிறவன் எதை எடுத்து வைக்கிறானோ அதுவே ஒரு மனுஷியின் கடைசி வருஷமாக நின்றுவிடுகிறது.

கபாடியாவின் படத்தின் மீதும் இப்படி ஒரு புகார் உண்டு, சொன்னவர் ஏமியின் அப்பா மிட்ச். புகழ் பெருகும் முன்பே மகளைக் குடியிலிருந்து மீட்கும் சிகிச்சைக்கு (ரீஹாப்) அனுப்ப நண்பர்கள் முயன்றபோது அவர் தேவையில்லை என்றார் என்று படம் காட்டுகிறது. ‘ரீஹாப்’ பாட்டிலேயே அந்த விஷயம் இருக்கிறது. அவரோ, “அந்த நேரத்தில் தேவைப்படவில்லை” என்றுதான் பேட்டியில் சொன்னேன், “அந்த நேரத்தில்” என்பதை வெட்டிவிட்டார்கள் என்றார். படக்குழு தாங்கள் நடுநிலையோடு செய்ததாகப் பதில் சொன்னது. படம் 2016இல் ஆஸ்கர் வாங்கியது, அவர் கோபம் தீரவில்லை. மகள் ஊரை விட்டு செயின்ட் லூசியா தீவில் ஒதுங்கியிருந்தபோது அங்கே டிவி கேமரா குழுவோடு போய் இறங்கிய அப்பா அவர், அதைப் பார்த்தபோது எனக்கும் அவர் மேல் ஆத்திரம் வந்தது. ஆனாலும் இந்தப் புகாரை என்னால் தள்ள முடியவில்லை. இரண்டு சொல்லை எடுப்பது எங்களுக்கு அரை நொடி வேலை. மேலே ஒரு விஷுவலைப் போட்டு மூடிவிட்டால் வெட்டு இருப்பதே தெரியாது.

முழு ரெக்கார்டிங்கைக் கேட்காமல் அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் மேஜைக்கு வருவதில் மட்டும் இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். கிளிப் விவரங்களை எழுதிவைக்கும் லாக் ஷீட்டில் ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராக “யார் எடுத்தது” என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: குடும்பமா, நண்பரா, நம் கேமராமேனா, வாசலில் நின்ற யாரோவா. இறந்தவரைப் பற்றி யாராவது பேசும் பைட், அதாவது பேட்டித் துண்டு என்றால் வாக்கியத்தின் நடுவில் கட் வைப்பதில்லை. “ஒன்றரை நிமிஷப் பேக்கேஜில் அதுக்கெல்லாம் எங்கே இடம்?” என்று டெஸ்க்கில் தினமும் சண்டை வருகிறது. சண்டை போட்டு, பத்து நொடி கூடுதலாக வாங்கிக்கொள்கிறேன்.