ஆப்பிள் மரத்தடியும் காணாமல் போன மான்களும்

தினமும் சாயங்காலம் ஆப்பிள் மரத்தடிக்கு வரும் நாலு வெள்ளைவால் மான்களைச் சனிக்கிழமையிலிருந்து காணோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்கிவிட்டது. (முன்பெல்லாம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமைதான் ஆரம்பம். 2019-இல் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.)

வெடிச்சத்தம் கேட்டால் மான்கள் ஊரையே காலி செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பார்த்ததில், பெரும்பாலானவை தங்கள் வட்டாரத்தை விட்டுப் போவதே இல்லை. மனிதர்கள் ஏறத் தயங்கும் செங்குத்துச் சரிவிலோ அடர்ந்த புதரிலோ பகலில் பதுங்கிக்கொள்கின்றன. இருட்டியதும் பழையபடி மேய்ச்சல். ஒரு பிணைமான் அடுத்தடுத்த வருடங்களிலும் சீசன் தொடங்கியதும் அதே சரிவுக்குத்தான் போயிருக்கிறது. காலண்டர் பார்க்கிறதா என்ன!

நேற்றுக் காலை உறைபனி படிந்த புல்லில் புதுக் குளம்புத் தடங்கள். கீழே கிடந்த ஆப்பிள்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்கான ஆரஞ்சு அங்கியோடு நாள் முழுக்க மலையில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "ஒரு மான்கூட இல்லப்பா" என்றார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.